இடிக்காமல் விட்ட சன்னல்

கொத்தனார் எஸ்றாவுக்கு அந்தச் சன்னலைக் கண்டாலே ஆகவில்லை.

"யக்கா, வீடு பூரா புதுசாயிட்டு. இது மட்டும் பொக்கை வாயைத் திறந்துக்கிட்டு நிக்கி. பாக்குறவன் என்னையத்தான் ஏசுவான். அரை நாள் வேலை, எடுத்துருதேன்" என்றார். நாலாவது தடவையாகக் கேட்கிறார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் இசக்கிச்செல்வி.

"கம்பியையாவது மாத்துவோம். துரு ஏறிக் கெடக்கு."

"கம்பியும் இருக்கட்டும்."

"அப்போ வெளித்தரையை ஏத்துதேன். வீட்டைச் சுத்தி காங்கிரீட் போட்டுட்டு இங்கன மட்டும் பள்ளமா விட்டா எப்படி? நிக்கிறவன் அண்ணாந்துல்லா பாக்கணும்?"

"அதுக்குத்தான்" என்றாள் அவள்.

எஸ்றா தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். நாலு மாதமாக அவளிடம் வேலை செய்கிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் அவள் பேசி அவர் கேட்டதில்லை. ஆனால் ஒரு செங்கல் கோணலாக உட்கார்ந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சத்தம் போட மாட்டாள். பக்கத்தில் வந்து நிற்பாள். அவராகவே அந்தக் கல்லைப் பெயர்த்துத் திருப்பி வைப்பார்.

முக்கூடலில் ஆற்றுக்குப் போகிற வழியில், நாற்பத்திரண்டு சென்ட் மனைக்கு நடுவே இருந்தது அந்த வீடு. ஆவுடைநாயகம் பிள்ளை வீடு. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். வயல்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிய பிறகு அவர் ஒரு பீடிக் கம்பெனிக்கு ஏஜெண்ட் ஆனார். வீட்டின் மேற்குக் கடைசி அறைதான் பீடிக் கடை. அந்த அறைக்கு உள்தரை உயரம், வெளித்தரை பள்ளம். சன்னலில் கம்பிகளுக்கு அடியில் ஒரு முழத்துக்கு இடைவெளி விட்டிருக்கும். பீடி இலையும் புகையிலைத் தூளும் வெளியே போவதும் சுற்றிய பீடி உள்ளே வருவதும் அந்த இடைவெளி வழியாகத்தான். ஊர்ப் பெண்கள் யாரும் அந்த வீட்டு முன்வாசலைக் கண்டதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயிலில் வரிசையாக நின்று, முறை வந்ததும் பீடிக் கட்டுகள் அடுக்கிய சுளவை, அந்த மூங்கில் முறத்தை, தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே பிரம்பு நாற்காலியில் இருந்தபடி அவர் ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். விரல் உள்ளே போனால், "எளக்கமா இருக்கு" என்று சொல்லிக் கட்டைப் பிய்த்து வெளியே வீசுவார். வீசியதைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

செல்விக்கு அப்போது பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. அன்று சனிக்கிழமை. அம்மா பேச்சியம்மாளோடு அவளும் வரிசையில் நின்றாள். முந்தின ராத்திரி மழை. இலை ஈரம் வாங்கிப் பீடிகள் நமுத்திருந்தன. அவர் ஒரு கட்டை எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

"ஏளா, தூளை எங்க வச்சிருக்க?"

"அத்தனையும் பீடியிலதான் இருக்கு மொதலாளி."

"எனக்கே பாடம் சொல்லுதியோ?"

அவ்வளவுதான். அம்மாவின் வேலைக் கணக்கு எழுதுகிற பாஸ்புத்தகத்தை எடுத்தார், பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார், சன்னல் வழியே வீசினார். அது சேற்றில் போய் விழுந்தது. செல்விதான் குனிந்து எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அடுத்த பெண் வரிசையில் முன்னால் வந்துவிட்டாள். அம்மா மட்டும் ஓரமாக, சுளவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். இறக்கு என்று யாரும் சொல்லாததால் இறக்கத் தெரியாமல் நின்றாள். அம்மாவின் முழங்கை நடுங்கியது செல்விக்குத் தெரிந்தது.

பீடிக்காரிக்குப் பாஸ்புத்தகம் போனால் எல்லாம் போனது போலத்தான். சேமநிதி போயிற்று. பிள்ளை படிக்க வருசா வருசம் வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் நின்றது. அவர் கோடு போட்ட பெண்ணைச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையிலும் சேர்க்கவில்லை. அடுத்த வாரமே செல்வி பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அடுத்தவர் புத்தகத்தில், அடுத்தவர் பேரில், பாதிக் கூலிக்கு அம்மாவும் மகளும் பீடி சுற்றினார்கள். புத்தகப் பையில் பீடி இலை நிறைந்தது. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆகிறது. கடைசி வரை அந்த வீட்டுப் பக்கமாக ஆற்றுக்குக் குளிக்கப் போகவில்லை, சுற்று வழியாகவே போனாள்.

செல்வியைப் பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் பெருமாள்ராஜ் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு தையல் மிஷினோடு நைட்டி தைக்க ஆரம்பித்தவள், இன்று இருபத்திரண்டு பெண்களுக்கு வேலை கொடுக்கிறாள். தைத்து வருகிற உருப்படியை அவளே சோதிப்பாள். கோணலாக இருந்தால் மடித்து, கையில்தான் திருப்பிக் கொடுப்பாள். ஒன்றைக்கூட மேசை மேல் போட்டதில்லை. ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் வந்து சொன்னபோது பெருமாள்ராஜுக்குப் பிடிக்கவில்லை. "ஓடு பூரா ஒழுகுது. சுவரு பொரிஞ்சி கெடக்கு. அந்தக் காசுக்குப் பேட்டையிலயே ரெண்டு மனை வாங்கலாமே" என்றார்.

"தையல் செட்டு போட எடம் வேணும். அங்கன எடம் கெடக்கு" என்றாள்.

அதுவும் உண்மைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர் மறுநாளே தரகருக்குப் போன் செய்தார்.

பேசி முடிக்க அவரும் தரகரும்தான் போனார்கள். மாசி மாதம் பத்திரப் பதிவன்று மட்டும் அவள் போனாள். பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆவுடைநாயகம் பிள்ளைக்கு எண்பது ஆகிவிட்டது. மகன் சிவகணேஷ் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார். பட்டறைக்காரர் பெண்டாட்டி என்பதற்கு மேல் அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை.

பத்திரம் எழுதுகிறவர் குரலைத் தணித்து, "அண்ணாச்சி, தோட்டத்துல கன்னி பீடம் இருக்குல்லா? பூசைப் பாத்தியம், நடவழின்னு ஒரு வரி சேத்துருவமா?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆகாமல் செத்துப்போகிற பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆவுடைநாயகத்தின் தங்கை வேணி பதிமூன்று வயதில் காய்ச்சலில் போனவள். தோட்டத்துப் பூவரசமரத்தடியில் ஒரு முழ உயரத்துக்குச் செங்கல் பீடம். அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் சேலை அவளுக்கு. அவளுக்கு வைத்த பிறகுதான் மணப்பெண்ணுக்கே சேலை எடுப்பார்கள்.

"என்னவே பேசுதீரு?" என்று அவர் சீறினார். "விக்கிற பத்திரத்துல எந்தங்கச்சி பேரை எழுதவா? எழுதினா அவளையும் சேத்து வித்ததா ஆகாதா? ஒண்ணும் எழுத வேண்டாம். பங்குனி உத்திரத்துக்கு வந்து பிடிமண்ணு எடுத்துட்டுப் போயிருவேன். என்னைய எவன் மறிப்பான்?"

பெஞ்சில் இருந்தவள் தலை நிமிரவில்லை. நான்கு எல்லைக்குள் உள்ள மனையும் வீடும் கிணறும் மரமும் மற்றும் உள்ள சகலமும் என்று எழுதி, கையெழுத்து ஆயிற்று.

பங்குனி உத்திரம் வந்தது. போனது. அவர் வரவில்லை. மகன் வாங்கியிருந்தது திருநெல்வேலியில் மூன்றாவது மாடி வீடு. பீடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால், அதைத் தரையில் வைத்துத்தான் புதுப் பீடம் போட வேண்டும். மூன்றாவது மாடியில் தரைக்கு எங்கே போவது? இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள்.

இங்கே வீடு மாறிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஓடு பிரிக்கும்போது செல்வி குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தாள். முன்வாசல் தூண்கள் சாய்ந்தபோது பார்த்தாள். ஆவுடைநாயகம் சாப்பிட உட்கார்ந்த கூடத்தின் சுவரை இடித்தபோது, "ஒரு நிமிசம்" என்று சம்மட்டியை வாங்கி அவளே மூன்று அடி அடித்தாள். சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது அடியில் காரை பெயர்ந்து விழுந்தது. சம்மட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை எரிந்ததை யாரிடமும் காட்டாமல் முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். மேலே காங்கிரீட் வந்தது. கீழே பளபளவென்று டைல்ஸ். அறைக்கு ஒரு குளியலறை. தோட்டத்தில் தையல் கூடத்துக்குத் தகரக் கொட்டகை. பீடிக் கடையும் அதன் சன்னலும் மட்டும் அப்படியே நின்றன. சாமான்களோடு கிடந்த பிரம்பு நாற்காலியைத் துடைத்து அங்கேயே போட்டு வைத்தாள்.

பீடத்தையும் அவள் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு விளக்கு வைத்தாள்.

"பூசையும் நீயே செய்யுத. அவிய வந்தா வழி விட மாட்டேன்னும் சொல்லுத. என்ன கணக்கு இது?" என்று பெருமாள்ராஜ் கேட்டார்.

"அந்தப் பிள்ளை எனக்கு என்ன செஞ்சா?" என்றாள்.

ஆடி மாதம் சிவகணேஷ் போன் செய்தான். மகள் விஜயஸ்ரீக்கு ஆவணியில் கல்யாணம், கன்னிக்குச் சேலை வைத்துப் பிடிமண் எடுக்க வேண்டும் என்றான். பெருமாள்ராஜ், "வீட்டுக்காரியைக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வக்கீலைப் பார்த்தார்கள். பத்திரத்தில் ஒரு வரி இல்லையே என்று அவர் கையை விரித்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை அனுப்பினார்கள். செல்வி அவர்களுக்குக் காப்பி கொடுத்து, "கேக்க வேண்டியவிய வந்து கேக்கட்டும்" என்று அனுப்பிவைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கார் வந்து புதுக் கேட்டு முன்னால் நின்றது. மணி மூன்று. செல்வி சித்தாள் சாலோமியைக் கூப்பிட்டு, "பின்னால சன்னலுக்கு வரச் சொல்லு" என்றாள்.

ஆவுடைநாயகம், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஜல்லியும் மணலும் கிடந்த வழியாகச் சுற்றி வந்தார். பள்ளத்தில் இறங்கி நின்றார். மேற்கு வெயில் நேரே முகத்தில் அடித்தது. சன்னலுக்கு உள்ளே அவள் நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்தார். தான் வைத்த சன்னலை வெளியே இருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"ஏம்மா, முன்வாசல் இருக்கையில எதுக்குக் கொல்லையில நிப்பாட்டுத?"

"பீடிக்காரியளுக்கு இதானே வாசலு."

அவர் கண்ணைச் சுருக்கினார். "நீ யாரு மவ?"

"அதைச் சொல்லுங்க. நான் யாரு மவன்னு சொன்னா, இப்பவே பிடிமண்ணு எடுத்துக்கிடுங்க."

இந்தக் கேள்வியைத்தான் அவள் முப்பத்துமூன்று வருசமாக வைத்திருந்தாள். அவர் அம்மாவின் பேரை வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்று சொல்ல வேண்டும். வீடு வாங்கியது அதற்குத்தான்.

அவர் யோசித்தார். "கீழத்தெரு கோமதி மவளா?"

"இல்ல."

"சண்முகத்தாய்? தூளு கொறைஞ்சதுன்னு நிப்பாட்டினேனே, அவ மவளா?"

"இல்ல."

"ரஹ்மத் பீவி... இல்ல, நீ பாய் வீட்டுப் பிள்ளை இல்ல. ஏசுவடியா மவ?"

சிவகணேஷ், "எப்பா, சும்மா இருங்கப்பா" என்று கையை அமுக்கினான். கிழவர் நிறுத்தவில்லை. பேர் கிடைத்தால் மண் கிடைக்கும் என்ற அவசரம். ஒவ்வொரு பேராக எடுத்துப் போட்டார். எல்லாம் அவர் கோடு போட்ட பெண்கள்.

"மரியபாக்கியம் மவளா?"

சாரத்துப் பக்கம் சாந்துச்சட்டியோடு போன சாலோமி அப்படியே நின்றுவிட்டாள். "அது எங்க மாமியாருல்லா? எங்க அத்தை பேரு உம்ம வாயில எதுக்கு வருது? அவிய தூளு திருடிட்டாவன்னு ஊரு பூரா சொல்ல வச்சது நீருதானா?"

"கம்பெனிக்கு நட்டம் வரக்கூடாதுல்லா தாயி? யாரையாவது ரெண்டு பேரை நிப்பாட்டினாத்தான் மத்தவளுவ ஒழுங்கா சுத்துவாளுவ. எல்லா ஏஜெண்டும் செஞ்சதுதான்."

"அப்போ எடுக்காத தூளுக்கா எங்க அத்தையைத் திருடின்னு சொன்னீரு?"

எஸ்றா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு நாள் தான் ஏசிய சன்னலை அவர் இப்போது வேறு மாதிரி பார்த்தார்.

செல்வி விரல் மடக்கி எண்ணியிருந்தாள். ஏழு பேர். அதில் பேச்சியம்மாள் இல்லை. அவர் செய்த பாவங்களின் வரிசையில்கூட அம்மாவுக்கு இடம் இல்லை.

"வெள்ளிக்கெழமை இதே நேரம் வாங்க" என்றாள். "உங்க வீட்டுப் பொம்பளைங்க முன்வாசல் வழியா வரட்டும். சேலை வைக்கட்டும். நீங்க இங்கனதான்."

"பிடிமண்ணு?"

"பேரு இல்லாம மண்ணு கெடையாது."

அந்த ஏழு பேரில் உயிரோடு இருந்தது மூன்று பேர். சாலோமி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே அந்த மூன்று கிழவிகளும் புதுச் சேலை கட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக டைல்ஸில் வழுக்கிவிடாமல் பையப் பைய நடந்து வந்தார்கள்.

"கண்ணாடி மேல நடக்க மாதிரில்லா இருக்கு" என்றாள் கோமதி.

"பாத்துடீ, கீழ உன் உள்பாவாடை தெரியுது" என்றாள் மரியபாக்கியம்.

செல்வி மரியபாக்கியத்தைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தாள். சண்முகத்தாயும் கோமதியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

மணப்பெண் விஜயஸ்ரீ அவளுடைய அம்மாவோடு முன்வாசல் வழியாக வந்தாள். செல்வி தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா எங்கே என்று கேட்டாள். செல்வி சன்னலைக் காட்டினாள்.

அவர் பித்தளைத் தட்டில் பட்டுச்சேலையும் பூவும் பழமும் வைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படித் தூக்கினால்தான் இடைவெளிக்கு எட்டும். மகன் பிடிக்க வந்தபோது செல்வி, "அவியதான்" என்றாள்.

தட்டை வாங்கச் செல்வி கையை நீட்டினாள். அதற்குள் மரியபாக்கியத்தின் கை முந்திக்கொண்டது. சேலையை எடுத்து மடியில் வைத்தாள். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். பிறகு பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"எளக்கமா இருக்கு" என்றாள். சன்னல் வழியே வீசினாள்.

கோமதி குபீரென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விஜயஸ்ரீயின் அம்மா முகம் வெளுத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

இதைச் செல்வி எதிர்பார்க்கவில்லை. வீசுவது தன் கையாக இருக்கும் என்று பல வருசம் நினைத்ததுண்டு. தன்னால் முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். வேறு ஒரு கை அதைச் செய்துவிட்டது. நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் நன்றாக இருந்தது.

அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார். புழுதியில் கிடந்த பட்டை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்த கை நடுவில் நின்றுவிட்டது. அப்படியே அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு பிள்ளை..." என்றார். "மழை பேஞ்ச மறுநாள். பாவாடை சட்டை போட்ட பிள்ளை ஒண்ணு குனிஞ்சு எடுத்துச்சு. பாவாடையில துடைச்சுச்சு. நீயா அது?"

"நான்தான்."

"என்ன வயசு உனக்கு அப்போ?"

"பதிமூணு. உங்க தங்கச்சி வயசு."

அவர் பூவரசமரம் இருந்த பக்கம் திரும்பினார். அங்கிருந்து பீடம் தெரியாது. வீடு மறைக்கும்.

"கூட நின்னவ பேரு..." என்றார். நெற்றியைத் தேய்த்தார். "சுளவைத் தூக்கிக்கிட்டு நின்னாளே... பேரு வரமாட்டேங்குதே அம்மா. சத்தியமா வரமாட்டேங்குது. நீயே சொல்லிரு. சொல்லு, நான் திருப்பிச் சொல்லுதேன்."

மூன்று கிழவிகளும் செல்வியைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும். ஒரே வரிசையில் நின்றவர்கள். ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"நான் சொல்லிக் குடுத்து நீங்க சொல்ல வேண்டாம்" என்றாள் செல்வி. "உங்களுக்கா வரும்போது வரட்டும். அதுவரைக்கும் உங்க தங்கச்சி இங்கனயே இருப்பா. வெளக்கு நான் வைக்கேன். வருசா வருசம் உத்திரத்துக்கு உங்க வீட்டுப் பொம்பளைங்க வரலாம். நீங்க இந்தச் சன்னலுக்கு வாங்க. நான் கேப்பேன்."

பிறகு திரும்பி, "நீ வா தாயி, உன் சேலையை வாங்கிக்க" என்று விஜயஸ்ரீயைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் இடைவெளி வழியாகக் கையை நீட்டித் தாத்தாவின் கையிலிருந்து சேலையையும் பூவையும் பழத்தையும் வாங்கினாள். சேலையின் மடிப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி செல்வியின் பின்னால் தோட்டத்துக்கு நடந்தாள்.

பீடத்தில் சேலை வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். மரியபாக்கியம் தானும் வந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். "சின்னப்பிள்ளைல்லா, பாவம்" என்றாள். எல்லாருக்கும் செல்வி காப்பி கலந்தாள். தையல் கூடத்தில் ஆவணி முதல் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிச் சாலோமி கேட்டாள். பேச்சு அந்தப் பக்கம் போயிற்று.

டம்ளரைக் கழுவி வைக்கப் போனபோது பீடிக் கடைக் கதவு வழியாகச் செல்வி பார்த்தாள். சன்னலில் அந்தப் பித்தளைத் தட்டு விளிம்பு தெரிந்தது. வெறும் தட்டு. மண் ஒருவேளை வரும் என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். தட்டு லேசாக நடுங்கியது. பக்கத்தில் எஸ்றா சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இறக்குங்கள் என்று அவரும் சொல்லவில்லை. செல்வியும் சொல்லவில்லை.